மின்வெட்டில் நெட், அப்பாயி நோட்டு, ஒடிஓலை: இந்த வாரக் கேள்விகள்

கேள்வி: வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறேன். கரண்ட் போனால் வைஃபை போய் மீட்டிங் பாதியில் அறுந்துவிடுகிறது. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறது. இதற்காக இன்வெர்ட்டர் வாங்க வேண்டுமா?
வாசகி, நீடாமங்கலம்

வேண்டாம். நெட் பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும். பெரும்பாலான ஃபைபர் இணைப்புகளில் தெருவில் லைனைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ஓடும்வரை லைன் உயிரோடு இருக்கும். சில கேபிள்காரர்கள் மட்டும் தெருப் பெட்டியில் கரண்ட்டில் ஓடும் ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். உங்கள் லைன் எந்த வகை என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். அடுத்த மின்வெட்டில் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்து, நெட் பெட்டியை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். நெட் வந்தால் பாதி வேலை முடிந்தது. பெட்டியில் LOS என்று போட்ட விளக்கு (ஃபைபரில் சிக்னல் இல்லை என்று காட்டுவது) சிவப்பாக மின்னினாலோ, விளக்குகள் சரியாக இருந்தும் நெட் வராவிட்டாலோ, கோளாறு வீட்டுக்கு வெளியே. அதற்கு எந்த யுபிஎஸ்ஸும் (பேட்டரிப் பெட்டியும்) உதவாது.

வாங்க வேண்டியது 12 வோல்ட் மினி யுபிஎஸ். இதில் பலர் ஏமாறுவது பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஎச் (mAh) கணக்கில். பெட்டியில் 10,400 எம்ஏஎச் என்று இருந்தால், ரூட்டர் ஒரு ஆம்பியர்தானே, பத்து மணி நேரம் வரும் என்று நினைத்துவிடுகிறோம். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது. 10.4-ஐ 3.7-ஆல் பெருக்கினால் சுமார் 38 வாட்-மணி. அதை 12 வோல்ட்டாக உயர்த்துவதில் கொஞ்சம் வீணாகும், கைக்கு 33 வரும். ரூட்டர் 8 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம். ஃபைபர் பெட்டியும் வைஃபை பெட்டியும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும், நேரம் பாதியாகும்.

பழைய அடாப்டரின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அது 12 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் யுபிஎஸ்ஸும் 2 ஆம்பியர் தர வேண்டும். 1 ஆம்பியர்தான் தரும் என்றால் ரூட்டர் அணைந்து அணைந்து எரியலாம். பின்னின் அளவும் முக்கியம். 5.5 மி.மீ. தடிப்பில் நடுத்துளை 2.1, 2.5 என இரண்டு வகை உண்டு. மாற்றிப் போட்டால் ஒன்று நுழையாது, அல்லது லூசாகி ஆடும். அடாப்டரில் உள்ள வட்டக் குறியில் நடுப்புள்ளி பிளஸ்ஸா என்பதையும் பாருங்கள். யுபிஎஸ்ஸை ரூட்டரின் தலைமேல் வைக்காதீர்கள். சூட்டில் செல் சீக்கிரம் சாகும்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது போல் கம்பமே சாய்ந்தால் ஃபைபரும் அறும். புயல் மாதங்களுக்கு வேறொரு கம்பெனியின் சிம்மை போனில் வைத்திருங்கள்.

கேள்வி: அப்பாயி எழுதிய கைவைத்திய, சமையல் நோட்டு ஒன்று. 120 பக்கம், ஓரம் பொடிகிறது. 1950களில் அச்சான சில பாட்டுப் புத்தகங்களும் உண்டு. போனை வைத்தே டைப் எழுத்தாக்க முடியுமா?
வாசகர், பாபநாசம்

முதலில் படம், எழுத்தாக்குவது பிறகு. நோட்டை லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டையும் பின்னால் நீக்க முடியாது, டேப் பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். நேர்வெயில் விழாத ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், போனைப் பக்கத்துக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை ஒன்றைச் செருகினால் பின்பக்க மை தெரிவது குறையும். 12 மெகாபிக்சல், அதாவது 120 லட்சம் புள்ளி, கேமரா தாராளம். ஏ4 பக்கத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் சுமார் 87 லட்சம் புள்ளிகள்தான் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

அச்சுப் புத்தகப் படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டர் பிரவுசரில் கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக வந்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல் என்பதால் தும்பிக்கை போட்ட லை, னை, ணை, சுழித்த றா, னா, ணா எல்லாம் இருக்கும். மென்பொருள் இடறுவது அங்கேதான். அந்த எழுத்துகளை மட்டும் ஒரு சீட்டில் எழுதிவைத்து வரிவரியாகச் சரிபாருங்கள்.

கையெழுத்துக்கு இந்த வழியை நம்ப முடியாது. போனில் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழ் மைக்கை அழுத்தி, நீங்களே வாசித்துக் காட்டுவதுதான் வேகம். ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் என்றால் 24 நாளில் முடியும். ஆனால் வட்டாரச் சொல் வந்தால் மைக் அதைத் தனக்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றிவிடும். அங்கே நின்று, அப்பாயி எழுதியதையே திருத்திப் போடுங்கள். ஆழாக்கு, உழக்கை எல்லாம் கிராமாக மாற்ற வேண்டாம். வீட்டில் அந்த ஆழாக்கு இருந்தால் அதில் தண்ணீர் நிரப்பி, எத்தனை மில்லி என்று முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள், ஊருக்கு ஊர் அளவு மாறும். புரியாத சொல்லை ஊகித்து எழுதாமல், கேள்விக்குறியும் படத்தின் எண்ணும் போடுங்கள். உங்கள் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டு, வேறுபடும் பாடங்களைக் குறித்துவைத்தே பதிப்பித்தார். குடும்ப நோட்டுக்கும் அந்த மரியாதை தகும்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். நாலு முறை படித்தாலும் மறக்கிறது.
வாசகர், பட்டுக்கோட்டை

ஐந்தாம் முறை படிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதுங்கள். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் செய்த ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லையே! மூன்று மிட்டாய் டப்பாக்களில் சீட்டுகளைப் போடுங்கள். முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும், தவறினால் முதல் டப்பாவுக்கே திரும்பும். ஒரு சீட்டில் ஒரே விஷயம். மேட்டூர் அணை திறந்த ஆண்டு 1934 என்பது ஒரு சீட்டு, முழு நீர்மட்டம் 120 அடி இன்னொன்று, கொள்ளளவு 93.47 டிஎம்சி மற்றொன்று. மூன்றையும் ஒன்றாக எழுதினால் எதை மறந்தீர்கள் என்றே தெரியாது.

கேள்வி: உருவம் வரைந்தால் தலை பெரிதாகிவிடுகிறது. சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகள் ஓலையை மடித்து அளவெடுப்பது வரைவதற்கும் உதவுமா?
கல்லூரி மாணவி, கும்பகோணம்

நன்றாகவே உதவும். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடிப்புகளாலேயே அங்கங்களைப் பிரிப்பதுதான் ஒடிஓலை. அதில் எண்ணே கிடையாது. அரை அடி உருவத்துக்கும் ஆறடி உருவத்துக்கும் மடிப்பு ஒன்றுதான்.

உருவத்தை ஒன்பது பாகமாகப் பிரிக்கும் அளவுமுறையான நவதாளத்தில் தொடங்குங்கள். மொத்தம் 108 அங்குலம். இது ஸ்கேல் அங்குலம் இல்லை, உருவத்தின் உயரத்தில் 108-இல் ஒரு பங்கு. காகிதப் பட்டையை மூன்றாக மடித்து, ஒவ்வொன்றையும் மறுபடி மூன்றாக மடித்தால் ஒன்பது பாகம், பாகத்துக்கு 12. அதில் ஒன்றை மேலும் மூன்றாக மடித்தால் 4. நெற்றி மேல் முடிக்கோட்டிலிருந்து முகவாய் வரை ஒரு பாகம். கழுத்து 4 அங்குலம். பிறகு நெஞ்சு வரை, தொப்புள் வரை, தொடைமூலம் வரை ஒவ்வொரு பாகம். தொடை இரண்டு பாகம், முழங்கால் 4 அங்குலம், கெண்டைக்கால் இரண்டு பாகம், பாதம் 4 அங்குலம். கூட்டிப் பாருங்கள், 108 வரும்.

தலை பிசகுவது பெரும்பாலும் கொண்டையாலும் கிரீடத்தாலும்தான். அவை இந்த ஒன்பதுக்குள் வராது, முடிக்கோட்டுக்கு மேல் தனியே போட வேண்டும். கனத்த தாளில் மடிப்பே அரை மில்லி தின்னும். பென்சிலால் குறித்துவிட்டு மடியுங்கள். உங்கள் தோழியை உட்காரவைத்து வரைய இந்தக் கணக்கு பொருந்தாது. உயிருள்ள மனிதர் உச்சியிலிருந்து முகவாய் வரை உள்ள தலையளவில் ஏழு, ஏழரைதான் இருப்பார். அதற்கு வேறொரு பட்டை மடித்துக்கொள்ளுங்கள்.