கடல் கேள்வி – பதில்: ஓடு கட்டும் முதல் இரண்டு நாள்

கடல் நீரின் பி.எச். இன்னும் 8.1 என்கிறார்கள். 7-க்கு மேல் இருந்தால் காரம்தானே? பிறகு ஏன் "கடல் அமிலமாகிறது" என்கிறார்கள்?
– வாசகர், திருவொற்றியூர்

காபி ஆறுகிறது என்று சொல்லும்போதும் அது சூடாகத்தான் இருக்கிறது. இதுவும் அப்படித்தான்: போகிற திசையைச் சொல்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்தது இப்போது 8.1. பி.எச். மடக்கை அளவு என்பதால், இந்த 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் நூற்றுக்கு 26 கூடிவிடுகின்றன. கூடிய அயனிகள் நீரிலுள்ள கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட்டாக மாற்றுகின்றன. சிப்பியும் மட்டியும் ஓடு கட்டுவது கால்சியம் கார்பனேட்டால். நீர் அமிலமாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கார்பனேட் குறையத் தொடங்கியதுமே அவற்றுக்குச் சிரமம்.

சிப்பிக் குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறேன். முதல் நாள் லார்வாக்கள் (இளங்குஞ்சுகள்) ஆங்கில 'டி' (D) எழுத்தின் வடிவத்துக்கு வந்துவிடுகின்றன. மூன்றாம் நாள் பாதிக்கு மேல் தொட்டியின் அடியில் கிடக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஓட்டின் விளிம்பு பிசிறாக இருக்கிறது. நீரின் பி.எச். 7.7. மருந்து ஏதாவது போடலாமா?
– வாசகர், கோவளம்

மருந்து வேண்டாம். கிருமியும் காரணமாக இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் பிசிறு விளிம்பும் 7.7-ம் சேர்ந்து வந்தால் முதலில் நீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். முதல் ஓட்டைக் கட்டும்போது லார்வாவுக்கு இரை தின்னும் உறுப்பு முழுதாக அமைந்திருக்காது. முட்டையிலிருந்து வந்த கொழுப்புதான் அதன் கையிருப்பு. கார்பனேட் குறைந்த நீரில் ஓடு கட்ட அதிக சக்தி செலவாகும். இரை தின்னத் தொடங்கும் முன்பே கையிருப்பு தீர்ந்துவிடும். அமெரிக்காவின் ஆரிகான் கரையிலுள்ள விஸ்கி கிரீக் பொரிப்பகம் 2007 முதல் இப்படித்தான் லார்வாக்களைக் கொத்துக் கொத்தாக இழந்தது. ஆழத்திலிருந்து மேலெழுந்த, கார்பனேட் குறைந்த நீர்தான் காரணம் என்று அளந்து பார்த்தபின் புரிந்தது.

முதலில் பி.எச். மீட்டரை 7, 10 ஆகிய இரண்டு பஃபர் கரைசல்களிலும் (பி.எச். முன்பே தெரிந்த கரைசல்கள்) சரிபாருங்கள். 0.1 பிழைகூட உங்களைத் தவறான வழிக்கு இழுத்துவிடும். பிறகு ஒரு வாளி நீரில் வெளிக்காற்றை இரண்டு மூன்று மணி நேரம் செலுத்துங்கள். பி.எச். நன்றாக ஏறினால், உயிரினங்களின் சுவாசத்தாலும் அழுகலாலும் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடுதான் பி.எச்.-ஐக் குறைத்திருக்கிறது; காற்றூட்டலே போதும். ஆனால் ஏர் புளோயர் மூடிய அறைக்குள் இருந்தால் அந்த அறையில் தேங்கிய கார்பன் டை ஆக்சைடையே திரும்ப நீருக்குள் செலுத்துகிறீர்கள். உறிஞ்சும் குழாயை வெளியே, ஜெனரேட்டர் புகை எட்டாத இடத்தில் வையுங்கள்.

பி.எச். ஏறவில்லை என்றால் ஆல்கலினிட்டியை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறனை, அளங்கள். இறால் பண்ணைக்கு விற்கும் கிட் போதும். உப்பளவு ஆயிரத்துக்கு 35 உள்ள கடல் நீரில், கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 115 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும். 90 காட்டினால் குறை 25. அதை ஈடுகட்ட 1,000 லிட்டருக்கு 26.5 கிராம் நீரற்ற சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்). படிகமான வாஷிங் சோடாவில் பெரும்பகுதி நீர்தான். அதே வேலைக்கு 71.5 கிராம் வேண்டும். சலவைத்தூள் கலந்ததைத் தொடவே வேண்டாம்.

சோடாவை நல்ல தண்ணீரில் கரைத்து, சேமிப்புத் தொட்டியில் காற்று கொப்பளிக்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். லார்வா இருக்கும் தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். பால் போல வெண்மை தெரிந்தால் வேகம் அதிகம்: கால்சியம் கார்பனேட் தானே படிந்து, நீங்கள் சேர்த்ததையும் எடுத்துக்கொண்டு போகிறது. பி.எச். 8.2-ஐத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். இரவு முழுக்கக் காற்றூட்டி, காலையில் மறுபடி அளந்தபின் பயன்படுத்துங்கள்.

கழிமுகத்திலிருந்து நீர் இறைப்பவர் என்றால் விடியற்காலையில் மோட்டாரைப் போடாதீர்கள். இரவெல்லாம் பாசியும் மீனும் சுவாசித்த நீர் அது. பகல் ஒளியில் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் பிற்பகலில் பி.எச். உயர்ந்திருக்கும். ஓதம் ஏறும் பிற்பகல் கிடைத்தால் அதுவே நல்ல வேளை. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளவு இறங்கும்போது கால்சியமும் சேர்ந்தே இறங்குகிறது; சோடா அதைத் திருப்பித் தராது. மழைக்கு முன்பே நீரைச் சேமித்து வைப்பதுதான் வழி.

உடைந்த கிளிஞ்சலைக் கொட்டினால் நீர் சரியாகுமா?
– வாசகி, பழவேற்காடு

திறந்த நீரில் ஆகாது. கடலின் மேல்நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே கரையக்கூடிய அளவைத் தாண்டித்தான் இருக்கிறது. அதில் கிளிஞ்சல் எளிதில் கரையாது. சேற்றில் கதை வேறு. அழுகலால் சேற்றுக்குள் இருக்கும் நீர் அமிலமாகிறது, அங்கே பொடித்த கிளிஞ்சல் கரைந்து இளம் மட்டிகளுக்கு உதவும். அமெரிக்காவின் மெய்ன் கரையில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இன்னொரு பயனும் உண்டு: மதராஸ் பெயரையே தாங்கி 'மதராசென்சிஸ்' எனப்பட்ட நம் ஊர்ச் சிப்பி, பழைய ஓட்டின் மேல்தான் விரும்பி ஒட்டும். ஐந்தாறு ஓட்டைக் கயிற்றில் இடைவெளி விட்டுக் கோத்துத் தொங்கவிடுவது அதற்காகத்தான். எல்லாக் கிளிஞ்சலையும் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பிவிடாதீர்கள்.

கடல் அமிலமானால் சிப்பிக் கறி சாப்பிடுவது ஆபத்தா?
– வாசகி, பெசன்ட் நகர்

பி.எச். குறைவதால் கறி நஞ்சாகிவிடாது. சிப்பி எந்த நீரை வடிகட்டுகிறது என்பதுதான் கேள்வி. அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் சாக்கடை நீர் கலக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்தன. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், உலோகம் போகாது. அந்த இடங்களில் எடுத்ததை வாங்காதீர்கள்.