நோட்ஸ் இல்லாமல், காதால் கேட்டே பாட்டின் ஸ்கேலையும் கார்டுகளையும் பிடிப்பது எப்படி?

கீபோர்டு ஓரளவு வாசிப்பேன், ஆனால் கேட்டுக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) போட வரவில்லை என்கிறீர்கள். சரி, முதலில் கீபோர்டைத் தொடாதீர்கள். பாட்டை நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு, எந்தச் சுரத்தில் வந்து நின்றால் வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறதோ அதை முனகிப் பாருங்கள். அதுதான் ஸ. அப்புறம் அதைக் கீபோர்டில் தேடுங்கள். ஜி, அதாவது 5 கட்டை என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து காந்தாரம், அதாவது ஸ-விலிருந்து மூன்றாவது சுரம். பாட்டோடு பி ஒட்டினால் மேஜர் ஸ்கேல், பி ஃப்ளாட் ஒட்டினால் மைனர் ஸ்கேல். மேஜர் என்றால் வரும் கார்டுகள் ஜி, சி, டி மேஜர்கள், ஏ, பி, ஈ மைனர்கள். நிறைய பாட்டுகளுக்கு இந்த ஆறே போதும்.

கார்டு எங்கே மாறுகிறது என்பதைச் சொல்வது பேஸ் கிட்டார். ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். போன் ஸ்பீக்கரில் அந்தக் கீழ்ச்சுரம் சரியாகக் காதில் விழாது. பேஸ் சி-யில் நின்றால் முதலில் சி மேஜர் போட்டுப் பாருங்கள். உரசினால் ஏ மைனர். அதிலும் சி உண்டு.

பலரும் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. ஜி மேஜருக்கும் ஈ மைனருக்கும் ஏழு சுரங்களும் ஒன்றே. பல்லவி எதில் போய் ஓய்கிறது என்று கேளுங்கள், தெரிந்துவிடும். ஈ மைனர் பாட்டில் பி மைனர் வரவேண்டிய இடத்தில் பி மேஜர் ஒலித்தால் உங்கள் காது தப்பில்லை. பி மேஜரில் இருக்கும் அந்த டி ஷார்ப், கீரவாணி ராகத்தில் வரும் காகலி நிஷாதம்தான், அதாவது மேல் ஸ-வுக்கு ஒட்டிக் கீழே இருக்கும் நி.