பினாங்கில் ஏர்கோன் இல்லாத அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சத்தமில்லாத வாட்டர் கூலிங் எப்படித் திட்டமிடுவது?

பினாங்கு, ஏர்கோன் இல்லை, சத்தம் வரக்கூடாது என்று மூன்றையும் ஒரே கேள்வியில் போட்டுவிட்டீர்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் சொல்லவில்லை, ஆனால் கம்ப்யூட்டர் படுக்கையறையில்தான் இருக்கும், பக்கத்தில் யாரோ தூங்குவார்கள். இல்லாவிட்டால் சத்தத்துக்கு யார் இவ்வளவு கவலைப்படப் போகிறார்கள்?

எங்கள் வீடும் பினாங்கில்தான், ஆயர் ஈத்தாமில் பழைய அடுக்குமாடி. மனைவிக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட், காலையில் வந்துதான் படுப்பார். எனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங், பகல் முழுக்க ரெண்டர் (எடிட் செய்ததைக் கம்ப்யூட்டர் முழுப் படமாக்கும் வேலை) ஓடும். அவர் தலைமாட்டுக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். சிக்கல் எது என்று கண்டுபிடித்தது நான் இல்லை, அவர்தான் ஒருநாள் சொன்னார்: "சத்தம்கூட பரவாயில்லைங்க, சீலிங் ஃபேன் சத்தத்தில தூங்குறவதானே நானு. உங்க பெட்டி ஏறி ஏறி இறங்குது பாருங்க, அதுதான் எழுப்பி விட்டுடுது."

இதைவிடச் சரியாக எந்த யூடியூப்காரரும் எனக்குச் சொன்னதில்லை. ப்ராசசர் சூடு ஒரு நொடியில் 45-லிருந்து 80-க்குத் தாவும், மறுநொடி இறங்கும். அதைப் பார்த்து ஃபேன் ஓடினால் அதுவும் தாவத்தான் செய்யும். வாட்டர் கூலிங்கில் சிப்பின் மேல் உட்காரும் பிளாக் என்ற உலோகக் கட்டை சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும், பம்ப் அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் தள்ளும், அங்கே ஃபேன் அதைக் குளிர வைக்கும். இந்தச் சுற்றுக்குத்தான் லூப் என்று பெயர். தண்ணீர் ப்ராசசர் மாதிரித் தாவாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற சுமார் 4186 ஜூல் வேண்டும், அதாவது 300 வாட் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தாலும் ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 14 விநாடி. அந்த ஒரு டிகிரியும் ரேடியேட்டர் எதையுமே வெளியே தள்ளாவிட்டால்தான். ஆகவே ஃபேனை ப்ராசசர் சூட்டோடு கட்டாதீர்கள், தண்ணீர்ச் சூட்டோடு கட்டுங்கள். 10 கிலோ ஓம் சென்சர் ஒன்றை லூப்பில் திருகி, மதர்போர்டில் இருக்கும் இரண்டு பின் இடத்தில் செருக வேண்டும். எல்லா போர்டிலும் அந்த இடம் கிடையாது, வாங்குவதற்கு முன்பே மேனுவலைப் பாருங்கள். இல்லையென்றால் தனியாக ஃபேன் கன்ட்ரோலர் வாங்க வேண்டிவரும். பளபளக்கும் லைட்டுக்குச் செலவு செய்கிறவர்கள் பலர் இந்தச் சென்சரை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் "வாட்டர் கூலிங் போட்டும் சத்தம் போகலையே" என்று வந்து நிற்பார்கள்.

அடுத்தது நம் ஊர் சூடு. வெளிநாட்டு வீடியோக்களில் அறை 20, 21 டிகிரி. என் அறை மத்தியானம் 31. ரேடியேட்டரால் தண்ணீரை அறையைவிடக் குளிர வைக்க முடியாது, நல்ல லூப் என்றால் அறைக்கு மேல் 10 டிகிரியில் நிற்கும். அப்படியானால் 41. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டி5 என்ற வகைப் பம்ப் 60 டிகிரி வரை தாங்கும். பயந்து ஃபேனை ஏற்றினால் சத்தம்தான் மிச்சம். சில்லர் வைக்கலாமா, ஐஸ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் 25 டிகிரிக்குக் கீழே போகிற எதன்மேலும் காற்றிலிருக்கும் ஈரம் படியும். மதர்போர்டு மேலேயும் படியும்.

இப்போது கணக்கு. என் ப்ராசசர் ரைசன் 9 5950எக்ஸ். பெட்டியில் 105 வாட் என்று இருக்கும், நிஜத்தில் 142 வரை இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3070, அது ஒரு 220 வாட். இரண்டும் சேர்ந்து 362. பொதுவாக 100 வாட்டுக்கு ஒரு 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் என்பார்கள். சத்தம் வேண்டாம் என்றால் அதற்கு மேலேயே போங்கள். நான் கேஸின் மேலே ஒரு 280 (இரண்டு ஃபேன்), முன்னால் ஒரு 360 (மூன்று ஃபேன்) வைத்திருக்கிறேன். தகடுகள் நெருக்கமாக இருக்கும் ரேடியேட்டர் வேண்டாம், அதற்கு வேகமான காற்று வேண்டும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும், அதனால்தான் இரண்டு ஃபேன் அலறுவதைவிட ஐந்து ஃபேன் 700, 800 சுற்றில் மெதுவாகச் சுற்றுவது மேல்.

காசில்லாத வழியும் உண்டு. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸ் திரை) ஈக்கோ மோடில் 65 வாட் என்று வைத்தால் ப்ராசசர் 88-க்கு மேல் இழுக்காது. கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டையும் கொஞ்சம் இறக்குங்கள். ரெண்டர் சற்று நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பம்ப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டிடிசி வகைப் பம்ப் சின்னது, ஆனால் அதிர்வு அதிகம். டி5 அமைதி. முழு வேகம் 4800 சுற்று, நான் 2200-இல் விட்டிருக்கிறேன். நிமிஷத்துக்கு 3 லிட்டர் ஓடினாலே 300 வாட்டுக்குத் தண்ணீர் ஒரு சுற்றில் ஒன்றரை டிகிரிகூட ஏறாது, அதனால் எதற்கு அப்புறம் எது என்ற வரிசைச் சண்டையும் தேவையில்லை. பம்பை இரும்புக் கேஸில் நேராகத் திருகாமல் கீழே தடித்த ஸ்பாஞ்ச் வையுங்கள், இல்லாவிட்டால் கேஸே மத்தளம் ஆகிவிடும்.

செம்பு ரேடியேட்டரோடு அலுமினியம் எதையும் கலக்காதீர்கள், அரித்துவிடும். டியூப் கறுப்பு இபிடிஎம் ரப்பர், பார்க்க அழகில்லை, ஆனால் பிளாஸ்டிக் டியூபிலிருந்து தண்ணீருக்குள் ரசாயனம் கசியும், இதில் கசியாது. தண்ணீர் ஆயர் சுலிங் (காய்ச்சி வடித்த நீர்), அதோடு அரிப்புக்கும் பாசிக்குமான மருந்து. பால்நிறக் கலர் திரவம் வேண்டவே வேண்டாம், பிளாக்கின் நுண்ணிய தகடுகளில் படிந்து அடைக்கும்.

"நல்ல ஏர் கூலர் (தண்ணீர் இல்லாமல் உலோகத் தகடும் ஃபேனும் மட்டும்) போதுமே, இதெல்லாம் பந்தா" என்று கீழே எழுதப் போகிறவர்களே, தெரியும். ப்ராசசர் மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி, கேள்வி கேட்டவர் விளையாட்டு மட்டும் விளையாடுபவர் என்றால் நானே ஏர் கூலர்தான் சொல்வேன், 2000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் இதில் கொட்டச் சொல்ல மாட்டேன். எனக்கு இரண்டு சிப்பும் மணிக்கணக்கில் முழுசாக ஓடுகிறது. ஏர் கூலரில் ஃபேன் கர்வை (சூட்டுக்கு ஏற்ப ஃபேன் வேகம் ஏறும் கோடு) தட்டையாக்கியும் பார்த்தேன், கிராபிக்ஸ் கார்டு ஃபேன் அடங்கவில்லை.

ஏன் மணிக்கணக்கில் என்று கேட்டால், அது தனிக்கதை, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். நம் ஆட்கள் மண்டப அலங்காரத்துக்குக் கேட்ட காசைக் கொடுப்பார்கள், வீடியோக்காரன் என்றால் "நம்ம பையன்தானே, பார்த்துக்கலாம்". ஒரு மாமா, மகள் கல்யாணத்துக்கு முழுப் படமும் முடித்துக் கொடுத்த பிறகு, தாலி கட்டும்போது வரும் பாட்டை மட்டும் மாற்றச் சொன்னார். மாற்றினேன். அப்புறம் சம்பந்தி வீட்டார் முகம் குறைவாக வருகிறது என்றார். பிறகு பழைய பாட்டே நன்றாக இருந்தது என்றார். ஒவ்வொன்றுக்கும் முழு ரெண்டர். மீதிப் பணம் தீபாவளிக்கு என்றார், எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை.

சரி, உங்கள் விஷயம். ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு, கேஸ் மூன்றின் மாடலையும் எழுதுங்கள். சாமான் வந்ததும் கேஸுக்கு வெளியே டிஷ்யூ விரித்து, எங்காவது ஒழுகுகிறதா என்று தெரிய பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து ஒரு இரவு ஓட விடுங்கள். பிளாக் வாங்கும்போது கார்டின் முழு மாடல் எண்ணைப் பாருங்கள், ஒரே 3070 என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி போர்டு வேறு, துளை பொருந்தாது.