ஹெட்போனை மாற்ற வேண்டாம்

‘ஓக்லஹோமா!’ இசைநாடகத்தை நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 2019இல் மறுபடி மேடையேற்றியபோது வந்த இசைத்தொகுப்பில் ஆர்கெஸ்ட்ராவே கேட்கவில்லை, ஒலிக்கோப்பு பழுதா, ஹெட்போன் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை. அந்தத் தயாரிப்பில் வாசித்தவர்களே ஏழு பேர்தான். டேனியல் க்ளூகர் பழைய இசைக்கோப்பை, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று எழுதியதைப் பிரித்து, பேஞ்சோ, மாண்டலின், அக்கார்டியன், பெடல் ஸ்டீல் கிட்டார் என நாட்டுப்புறக் குழுவுக்கு மாற்றி எழுதினார். உங்களுக்கு வெறுமையாகப் படுவது திட்டமிட்டே விடப்பட்ட இடம். காதல் பாட்டில் இரு குரல்களும் மூச்சு வாங்குவது வரை கேட்கிறது பாருங்கள், அது வயலின் கூட்டத்துக்குள் எப்போதோ மூழ்கியிருக்கும். எனக்கு இந்தப் பதிவுதான் பிடிக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது என்பதும் தெரியும்.

நீங்கள் தேடுவது முழு ஆர்கெஸ்ட்ராவுக்காக ராபர்ட் ரஸ்ஸல் பென்னட் எழுதிய மூல இசைக்கோப்பு. 1943இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட முதல் நடிகர்குழுப் பதிவில் அது இருக்கிறது, நாயகனாக நடித்த ஆல்ஃபிரட் டிரேக்கின் குரலுக்காகவே கேட்கலாம். ஆனால் அது மோனோ, இடம் வலம் பிரியாத ஒற்றைத் தட ஒலி. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம் என்பதால் பாடல்களை வெட்டியும் இருக்கிறார்கள்.

ஆகவே ஜான் வில்சன் நடத்த, 2023இல் சாண்டோஸ் நிறுவனம் வெளியிட்ட சின்ஃபோனியா ஆஃப் லண்டன் ஆர்கெஸ்ட்ராவின் பதிவை வாங்குங்கள். மூல இசைக்கோப்பு முழுமையாக, நாயகியின் கனவாக வரும் நடனத்துக்கான இசையோடு, இன்றைய ஒலித்தரத்தில் கிடைக்கும். வாங்குமுன் தொடக்க இசையை மட்டும் இலவசமாகக் கேட்டுப் பாருங்கள்.