விளம்பரத்தில் ‘ஆசியவியல்’ என்று போட்டிருக்காது

கேள்வி: ஆசியவியல் பட்டப்படிப்பில் கடைசி வருடம் படிக்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 (என்5 முதல் என்1 வரையுள்ள ஐந்து நிலைகளில் நடு நிலை, என்1தான் உச்சம்) முடித்திருக்கிறேன். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வரும் வெளிநாட்டவர்களைப் பற்றி, வேலைக்கு உதவாத ஓர் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலைத் தளங்களில் ‘ஆசியவியல்’ என்று தேடினால் பேராசிரியர் வேலை இரண்டு வருகிறது, அதற்கும் பிஎச்.டி. கேட்கிறார்கள். ஐ.நா.வில் சேர வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில், பேசாமல் எம்.பி.ஏ. சேர்ந்துவிடு என்கிறார்கள். பெரியப்பா பார்க்கும்போதெல்லாம் “இதைப் படிச்சு என்னம்மா பண்ணப் போற?” என்கிறார். எனக்கே பதில் தெரியவில்லை. தப்பான படிப்பை எடுத்துவிட்டேனா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: எம்.பி.ஏ., ஐ.நா. எல்லாம் அப்புறம். முதலில் அந்த ‘வேலைக்கு உதவாத ஆய்வேடு’ பற்றிப் பேசிவிடுவோம். எனக்கு என்னவோ உங்களுக்கான வேலை அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

ஜப்பான் 2008இல் இந்தோனேசியாவிலிருந்தும், பிறகு பிலிப்பைன்ஸ், வியட்நாமிலிருந்தும் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தங்களின் கீழ் பராமரிப்பாளர்களை எடுக்க ஆரம்பித்தது. 2019 ஏப்ரலில், ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கு வெளிநாட்டவரை எடுக்க ‘குறிப்பிட்ட திறன்’ விசா வந்தது. பயிற்சி என்ற பெயரில் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் பழைய தொழிற்பயிற்சித் திட்டத்தை முடித்துவிட்டு 2027 ஏப்ரலில் புதிய திட்டம் தொடங்கச் சட்டமும் போட்டாயிற்று. இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆய்வேட்டின் முதல் அத்தியாயமே இதுவாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் சம்பளம் வாங்கிக்கொண்டு யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா?

‘குறிப்பிட்ட திறன்’ விசாவில் போகும் ஒரே ஒரு பராமரிப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் திறன் தேர்வும் எழுத வேண்டும், பொது ஜப்பானிய மொழித் தேர்வும் எழுத வேண்டும், பராமரிப்பு வேலைக்கென்றே தனியாக ஒரு மொழித் தேர்வும் எழுத வேண்டும். அதற்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர். வேலை ஒப்பந்தத்தை அவருக்குப் புரிகிற மொழியில் விளக்க ஒருவர். விசாவுக்குத் தாள்களைச் சேர்த்து அனுப்ப ஒருவர். ஜப்பானில் போய் இறங்கியதும் விமான நிலையத்தில் அழைத்துக்கொள்வது, வீடு பிடித்துக் கொடுப்பது, அரசு அலுவலகத்துக்குக் கூடவே போவது, குறை சொன்னால் கேட்பது, 3 மாதத்துக்கு ஒரு முறையாவது அவரையும் அவருடைய மேலதிகாரியையும் பார்த்துப் பேசுவது என்று ஒரு பட்டியலே சட்டத்தில் இருக்கிறது. வேலைக்கு எடுத்த நிறுவனமே இதைச் செய்யலாம், முடியாவிட்டால் பதிவுபெற்ற ஆதரவு அமைப்பிடம் ஒப்படைக்கலாம். அந்த அமைப்புகளுக்கு இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் வேண்டும். அந்த வேலைக்கான விளம்பரத்தில் ‘ஆசியவியல்’ என்று யாரும் போட மாட்டார்கள். ‘ஒருங்கிணைப்பாளர்’, ‘வெளிநாட்டுப் பணியாளர் ஆதரவு’, ‘மொழிப் பயிற்சியாளர்’, ‘மனிதவள உதவியாளர்’ என்று போடுவார்கள். நீங்கள் தேட வேண்டிய பெயர்கள் இவை.

இந்தத் துறையில் கால் வைப்பதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. ஆள் அனுப்பும் தொழிலில் நல்லவர்களும் உண்டு, கடன் வாங்க வைத்து ஆளை அனுப்புகிறவர்களும் உண்டு. நேர்காணலில் நீங்களே கேட்டுவிடுங்கள்: “செலவை யார் கட்டுகிறார்கள், தொழிலாளியா, முதலாளியா?” பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஆய்வேட்டை எழுதிய கையால் அந்த வேலையைச் செய்ய உங்களுக்கு மனசு வராது.

இந்தப் படிப்பு என்ன கொடுக்கிறது என்று கேட்டால், என் அசட்டுத்தனம் ஒன்றைத்தான் சொல்வேன். நான் மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2013 என்று ஞாபகம். விலைக்கு வந்த பழைய மெஷின் ஒன்றின் சோதனைச் சான்றிதழ் ஜப்பானிய மொழியில் வந்தது. தேதிக் கட்டத்தில் 12.4.6 என்று மட்டும் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை, ‘2012 ஏப்ரல் 6’ என்று எழுதிவிட்டேன். சரிபார்க்கிற அக்கா அதில் விரலை வைத்து, “இது எந்தப் பன்னிரண்டு?” என்றார். ஜப்பானியப் படிவங்களில் பேரரசர் ஆட்சிக்கால ஆண்டைப் போடுவார்கள், சில சமயம் ஆட்சிக்காலத்தின் பெயரைக்கூட விட்டுவிடுவார்கள். அது ஹெய்செய் என்ற ஆட்சிக்காலத்தின் 12ஆம் ஆண்டு, அதாவது 2000. வாங்க நினைத்தவர் ஒரு வயது மெஷின் என்று நம்பியிருப்பார், அது பதின்மூன்று வயதுக் கிழம். அந்த அக்கா மொழிப் பள்ளியில் படித்தவர் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய வரலாறு படித்தவர். அந்தப் பக்கத்தில் அச்சாகாத ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் பட்டத்தை யாராவது காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் இதற்குத்தான் வாங்குகிறார்கள்.

அதற்காக மொழிபெயர்ப்பாளராகப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. முன்பு புதியவர்களுக்குப் பழகக் கிடைத்த எளிய வேலைகளை இப்போது இயந்திரம் முதல் வரைவாகப் போட்டுத் தந்துவிடுகிறது, மனிதருக்கு மிச்சம் இருப்பது திருத்தும் வேலை, அதற்கு வார்த்தைக்குக் குறைவான கூலி. காப்புரிமை, மருந்து, ஒப்பந்தம் மாதிரி தப்பு நடந்தால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டிய இடங்களில் இன்னும் ஆள் வேண்டும். வீடியோ கேம், வெப்டூன் என்கிற இணையச் சித்திரக்கதை, சப்டைட்டில் எல்லாம் செய்யச் சந்தோஷமான வேலைகள்தான், ஆனால் அங்கே வரிசை நீளம்.

சரி, மொழிக்கு வருவோம். இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் கறாராக இருக்கப் போகிறேன். என்3 போதாது. ஜப்பானிய நிறுவனங்களில் அலுவலக வேலைக்கு என்2 என்பது பெரும்பாலும் வாசற்படி. ஜப்பானின் உயர்திறன் விசாவுக்கான புள்ளிக் கணக்கில்கூட என்2வுக்கு 10 புள்ளி, என்1க்கு 15 புள்ளி, என்3க்கு ஒன்றும் கிடையாது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கப் போட்டிருக்கும் கணக்குப்படி, ஜப்பானியம், சீனம், கொரியம் மூன்றுக்கும் 88 வாரம், 2200 வகுப்பு மணி நேரம் வேண்டும். இந்தோனேசிய மொழிக்கு 36 வாரம். அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான கணக்கு. வினைச்சொல் கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் பழக்கம் என்பதால் ஜப்பானியத்திலும் கொரியத்திலும் வாக்கிய அமைப்பு நம்மை அவ்வளவு படுத்தாது. சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த காஞ்சி எழுத்துகள் எல்லோரையும் ஒரே மாதிரிதான் படுத்தும்.

இன்னொன்று. இந்த என்2, என்3 தேர்வுகளில் பேசவும் சொல்ல மாட்டார்கள், எழுதவும் சொல்ல மாட்டார்கள், விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதனால் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நேர்காணலில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஜப்பானியர் யாருடனாவது பேசுங்கள். தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை, பேசுங்கள்.

ஜப்பானில் நேரடியாக வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அங்கே பெரிய நிறுவனங்கள் புதுப் பட்டதாரிகளைக் கூட்டமாக எடுத்து ஏப்ரல் 1ஆம் தேதி சேர்த்துக்கொள்வார்கள், அதற்கான தேர்வு அதற்கு ஒரு வருடத்துக்கும் முன்பே ஆரம்பித்துவிடும். பட்டம் வாங்கிய பிறகு தேடலாம் என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டு இளைஞர்களை ஜப்பானில் வேலைக்கு அழைக்கும், 1987 முதல் நடக்கும் ஜெட் திட்டத்தில் ஆங்கில உதவி ஆசிரியர் வேலை எல்லோருக்கும் தெரியும். உள்ளாட்சி அலுவலகங்களில் சர்வதேச உறவு ஒருங்கிணைப்பாளர் என்று இன்னொரு வேலையும் அதில் உண்டு, அதற்கு மொழி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் நாட்டுக்கு அதில் இடம் இருக்கிறதா என்று ஜப்பானியத் தூதரகத்தில் கேளுங்கள். கல்வி உதவித்தொகையையும் அப்படியே விசாரித்துவிடுங்கள்.

உங்கள் மாதிரியே சீன மொழி படிக்கும் இருவரும் இந்த மாதம் எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. வங்கிகளிலும் தணிக்கை நிறுவனங்களிலும் கம்ப்ளையன்ஸ் (சட்டவிதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது), டியூ டிலிஜென்ஸ் (எதிர்த்தரப்பு யார் என்று விசாரிப்பது) என்ற பெயரில் நடக்கும் வேலையைப் பாருங்கள். ஒரு சீன நிறுவனத்துக்குச் சட்டப்படி இருப்பது சீன எழுத்தில் பதிவான பெயர் ஒன்றுதான். ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் ஆங்கிலப் பெயர் அவர்களாக வைத்துக்கொண்டது. சீனப் பெயரைப் பிரித்தால் பொதுவாக ஊர், நிறுவனத்தின் தனிப்பெயர், தொழில், நிறுவன வகை என்று நான்கு துண்டு வரும். அதோடு 18 இலக்க அடையாள எண் ஒன்று இருக்கும், 2015இல் கொண்டுவந்தது. இவற்றைப் பதிவேட்டில் தேடி, சட்டப் பிரதிநிதி யார், என்ன தொழில் செய்ய அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி வரும் ஆள் பெயர்கள் சீன எழுத்தில் வெவ்வேறாக இருக்கும். தடைப் பட்டியலில் இருப்பவரும் வங்கிக்கு வந்திருக்கும் வாடிக்கையாளரும் ஒரே ஆளா என்பதை எழுத்து தெரிந்தவர்தான் தீர்மானிக்க முடியும். கவர்ச்சியான வேலை இல்லை, நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற வேலை. ஆனால் மொழி, நாட்டு நடப்பு, பொறுமை மூன்றும் உள்ளவருக்கு அங்கே மரியாதை உண்டு.

நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் பக்கம் ஆசை உள்ளவர்களுக்கு: இடங்கள் குறைவு, நூலகவியல் பட்டம் ஒன்று தனியாக வேண்டும், காத்திருக்கப் பொறுமை வேண்டும். நேசிப்பவர்கள் போகலாம்.

ஐ.நா. விஷயம். ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். ஜப்பானியம் அதில் இல்லை. மணிலாவில் இருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கியும் சரி, பாங்காக்கில் இருக்கும் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணையமும் சரி, ஆசியாவைத் தெரிந்தவர் என்று யாரையும் எடுப்பதில்லை. பொருளாதாரம், பொதுச் சுகாதாரம், நீர், புள்ளியியல் என்று ஏதாவது ஒரு தொழில் தெரிந்தவர்களை எடுக்கிறார்கள். பெரும்பாலான இடங்களுக்கு முதுகலையும் சில வருட அனுபவமும் கேட்பார்கள். ஆசையை விட வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். புலம்பெயர் தொழிலாளர் துறையில் நான்கைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கதவைத் தட்டினால், அங்கே உங்களிடம் பேச விஷயம் இருக்கும்.

எம்.பி.ஏ. இப்போது வேண்டாம். படிப்பின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் எந்த வேலைக்கு என்று தெரியாமல் சேர்ந்தால், இரண்டு வருடம் கழித்து இதே கேள்வியைக் கடனோடு எனக்கு எழுதுவீர்கள். மூன்று வருடம் வேலை பார்த்த பிறகு மேலே போக அது தேவை என்று தோன்றினால் அப்போது சேருங்கள், முடிந்தால் நிறுவனத்தின் செலவில். பிஎச்.டி.யும் அப்படித்தான். மூலமொழியில் ஆவணங்களைத் தடங்கல் இல்லாமல் படிக்க வரும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இந்த ஆறு மாதத்துக்கு மூன்று வேலை தருகிறேன். பெரும்பாலான நாடுகளில் ஜப்பானிய மொழித் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், அடுத்து வருவதில் என்2வுக்குப் பணம் கட்டிவிடுங்கள். கட்டினால்தான் படிப்போம். பிறகு, சம்பளப் பட்டியல், தொழிலாளர் ஒப்பந்தம், குடியேற்ற விதிகள் இவற்றில் ஒன்றை அடிப்படை அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள், குறுகிய பயிற்சி போதும். எக்செல் தெரியாது என்று மட்டும் எங்கேயும் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது, உங்கள் விண்ணப்பத்தில் ‘ஆசியச் சமூகங்கள் பற்றிய ஆழ்ந்த புரிதல்’ என்று ஒரு வரி எழுதியிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். அதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஜப்பானியப் பராமரிப்பு இல்லங்களில் பணிபுரியும் இத்தனை வெளிநாட்டவரை நேர்கண்டு, அவர்கள் வேலையை விட்டுப் போகும் காரணங்களை ஆராய்ந்தேன். ஜப்பானிய அரசின் வழிகாட்டி ஆவணங்களை மூலத்தில் படித்தேன்.’ எண்ணிக்கையை உள்ளபடி போடுங்கள், ஏழு பேர் என்றால் ஏழு பேர். ஆள் எடுக்கும் அமைப்புக்குத் தலைவலியே, வந்தவர்கள் ஏன் போய்விடுகிறார்கள் என்பதுதான். ஆய்வேட்டை இரண்டு பக்கமாகச் சுருக்கி, ஒன்றைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ, இன்னொன்றை ஜப்பானியத்தில் எழுதி, விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள். ஜப்பானியப் பிரதியை உங்கள் ஆசிரியரிடம் ஒரு முறை காட்டிவிட்டு அனுப்புவது நல்லது.

பெரியப்பா அடுத்த முறை கேட்டால், “ஜப்பானுக்கு வேலைக்குப் போறவங்களுக்கும் அங்க அவங்கள எடுக்கிறவங்களுக்கும் நடுவில வேலை பாக்கப் போறேன் பெரியப்பா” என்று சொல்லுங்கள். “அப்போ எனக்கும் ஒரு விசா வாங்கிக் கொடும்மா” என்பார். அதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள்.