கோப்பையோடு துரத்த வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயதும் எட்டு மாதமும். வெள்ளைச் சோறும் பருப்பும், சீனி போட்ட இடியப்பம், உருளைக்கிழங்குப் பொரியல், பிஸ்கட், நாளுக்கு நாலு கப் பால். இவ்வளவுதான் அவளுடைய சாப்பாடு. கீரை ஒரு துளி சோற்றில் பட்டால் கோப்பையைத் தள்ளிவிடுவாள். மீன் மணந்தாலே ஓடிவிடுவாள். அம்மா கோப்பையோடு வளவு முழுக்க அவளுக்குப் பின்னால் திரிந்து, காகம் காட்டி, போனில் பாட்டுப் போட்டுத் தீத்துவார். ஒரு மணித்தியாலம் போய்விடும். நான் ஏதாவது சொன்னால், "2009இல் உங்களுக்குக் கஞ்சிகூடக் கொடுக்க முடியாமல் நின்றவள் நான். இந்தப் பிள்ளையைப் பசியோடு விடமாட்டேன்" என்று அழுகிறார். கிளினிக்கில் நிறை 13.5 கிலோ, பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். முன்பள்ளியில் அவித்த பயறு சாப்பிட்டாளாம். வீட்டில் அதையும் தொடமாட்டாள். என்ன செய்வது?
— ஒரு தாய், விசுவமடு

பதில்: அன்புள்ள தங்கச்சி,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். நிறை சரி. முன்பள்ளியில் பயறு சாப்பிட்டாள். எனக்கு அவை போதும். மற்றப் பிள்ளைகளோடு பாயில் இருந்து, யாரும் துரத்தாமல், எல்லோர் கையிலும் இருந்த அதே பயறை அவள் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். அப்படியென்றால் அவளுடைய நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டியது வீட்டில் சாப்பாடு நடக்கிற விதத்தை.

முதல் வருடத்தில் ஒரு பிள்ளையின் நிறை பிறந்தபோது இருந்ததைப் போல மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோதான் கூடும். அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு கிலோ அளவில். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். "சின்னதில் எவ்வளவு வடிவாகச் சாப்பிட்டவள்" என்று அம்மம்மாமார் பெருமூச்சு விடுவது பெரும்பாலும் இதனால்தான். அதே காலத்தில், இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை, பழக்கமில்லாத சாப்பாட்டைக் கண்டு பின்வாங்குகிற குணமும் தலைதூக்கும். நடக்கப் பழகிய பிள்ளை கண்ட இலையையும் காயையும் வாயில் போடாமலிருக்க இயற்கை போட்டுவைத்த பூட்டு இது என்று சொல்பவர்கள் உண்டு. பற்றையும் காடுமாகக் கிடக்கிற நம் பக்கத்தில் அந்தப் பூட்டு இருப்பது நல்லதுதான். ஆனால் அதை உடைத்துத் திறக்கப் பார்த்தால் இன்னும் இறுகும். முன்பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் "சூப்பைக் குடித்து முடி" என்று வற்புறுத்திப் பார்த்த ஓர் ஆய்வில், வற்புறுத்தாதபோது குடித்ததை விடக் குறைவாகத்தான் குடித்தார்கள்.

அம்மாவைப் பற்றி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அரிசியும் உப்பும் தண்ணீருமாக ஒரு வாய்க் கஞ்சிக்கு வரிசையில் நின்ற மாதங்களைக் கடந்து வந்த ஒருவர், பேத்தி சோற்றைத் தள்ளிவிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. வன்னியில் இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. பிள்ளை "வேண்டாம்" என்றதும் எத்தனையோ வீடுகளில் பெரியவர்களுக்கு நெஞ்சு பதறுகிறது. ஆனால் அந்தப் பசி அம்மாவுடையது. பேத்திக்குப் பசி என்றால் என்னவென்று உணரவே இடைவெளி கிடைப்பதில்லை. நாலு கப் பாலும் இடைக்கிடை பிஸ்கட்டும் போன வயிறு மத்தியானச் சோற்றை ஏன் கேட்கப் போகிறது?

ஆகவே முதலில் பாலைக் குறையுங்கள். இந்த வயதுக்கு நாளொன்றுக்கு இரண்டு கப், அதாவது 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை போதும். அதற்கு மேலே போனால் மற்றச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். பாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், முன்னர் வேண்டாம். பால்தேத்தண்ணி பழக்கியிருந்தால் அதையும் நிறுத்துங்கள், தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. பிஸ்கட் பெட்டியை உயரத்தில் வைத்தால் அவள் அதைப் பார்த்து அழுவாள். கொஞ்ச நாளைக்கு வாங்காமலே விடுவதுதான் சுகம். காலை, மத்தியானம், இரவுச் சாப்பாடு. நடுவில் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் சிறுதீனி. அந்த இடைவெளிகளில் தண்ணீர் மட்டும்.

எலின் சட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வீட்டு வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். என்ன சமைப்பது, எப்போது, எங்கே வைத்துக் கொடுப்பது என்பது பெரியவர்கள் பாடு. அதில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு, சாப்பிடுவதா இல்லையா என்பது பிள்ளையின் பாடு. கேட்க இலேசாக இருக்கும். செய்யும்போதுதான் தெரியும், நம் கை தானாகவே பிள்ளையின் வாய்ப்பக்கம் போவது! இருந்தாலும் நான் இதில் உறுதியாக நிற்கிறேன். வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். போன் வேண்டாம், காகமும் வேண்டாம். அவளுக்கும் ஒரு சின்னக் கோப்பை. அதில் அவளுக்குப் பிடித்த ஒன்று கட்டாயம் இருக்கட்டும், பருப்பும் சோறும் என்று வையுங்கள். பக்கத்தில் நீங்கள் சாப்பிடுகிற கறியில் விரல் நுனியளவு. "சாப்பிடு" என்று சொல்ல வேண்டாம், "நல்ல பிள்ளையெல்லோ" என்றும் வேண்டாம். "கத்தரிக்காய் சாப்பிட்டால் ரொபி தருவேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கத்தரிக்காய் தண்டனை, ரொபிதான் பரிசு என்று நாமே படிப்பித்துவிடுகிறோம். இருபது, முப்பது நிமிடத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருந்தாலும் முகத்தில் ஒன்றும் காட்ட வேண்டாம்.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதிலும் நமக்குக் கணக்குப் பிழைக்கிறது. வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது ஓர் உத்தேச அளவு. உங்கள் மகளுக்குச் சோறு, பருப்பு, கறி என்று ஒவ்வொன்றிலும் மூன்று, நாலு கரண்டி. அம்மா போடுகிற கோப்பை அநேகமாக உங்கள் கணவருக்குக் காணும்.

புதிய ஒன்றை ஏற்க எட்டு முதல் பதினைந்து தடவை வரை அது முன்னால் வர வேண்டியிருக்கும், சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே. இரண்டு தடவை துப்பியதும் "இவளுக்கு இது ஒத்துவராது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பார்த்தல், தொடுதல், மணத்தல், நக்கிப் பார்த்துவிட்டுத் துப்புதல் எல்லாமே கணக்கில் சேரும். முருங்கையிலை உருவும்போது ஒரு நெட்டை அவளிடமும் கொடுங்கள். அவள் உருவுவதில் பாதி நிலத்தில் விழும், காம்பும் இலையும் கலந்து கிடக்கும், ஒன்றிரண்டைப் பல்லில் வைத்தும் பார்ப்பாள். கோப்பையில் வைத்து மன்றாடினாலும் நடக்காதது குசினி வாசலில் நடக்கும். அப்புறம் பப்பாசி வெட்டும்போது, பயத்தங்காய் உடைக்கும்போது, தோட்டத்தில் தக்காளி பிடுங்கும்போது. பாலைப்பழக் காலத்தில் கொட்டையை எடுத்துவிட்டுக் கையில் கொடுங்கள், உதடு ஒட்டுகிறதைச் சொல்லிச் சிரிப்பாள்.

புதியதைத் தெரிந்ததுக்குப் பக்கத்தில் இருந்து தொடங்குவது நல்லது. உருளைக்கிழங்கு பிடிக்கும் என்றால் அடுத்தது வத்தாளங்கிழங்கு. பருப்புக்குள் பூசணித் துண்டு நாலு. வெள்ளை இடியப்பத்துக்குப் பக்கத்தில் சிவப்பரிசி மா இடியப்பம் ஒன்று. கீரையை முழுக்கக் கடைந்து பருப்புக்குள் ஒளித்துக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. கண்டுபிடித்தாளென்றால் அன்றோடு பருப்பும் போய்விடும். "இதில் பூசணி இருக்கிறது" என்று சொல்லியே வையுங்கள். இன்னொன்று உறைப்பு. நம் கறித்தூளுக்குப் பெரியவர்களுக்கே கண்ணில் தண்ணீர் வரும். தூள் போட முன்னரே அவளுக்கு ஒரு பங்கைப் பால்கறியாக எடுத்து வையுங்கள். மீனுக்கு அவசரமில்லை. தொடங்குவதென்றால் விராலில் தொடங்குங்கள், சின்ன முள் குறைவு. அதுவரை முட்டையும் பயறும் கௌபியும் பார்த்துக்கொள்ளும்.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். நிறைக் கோடு மேலே போகாமல் நின்றால் அல்லது கீழே இறங்கினால், கட்டியான சாப்பாடு எல்லாவற்றுக்கும் குமட்டினால் அல்லது புரையேறினால், முன்னர் சாப்பிட்டவையும் ஒவ்வொன்றாகக் கழன்று போனால், முகம் வெளிறிச் சோர்ந்திருந்தால், பேச்சும் விளையாட்டும் வயதுக்குப் பிந்தியிருந்தால், தாமதிக்காமல் காட்டுங்கள். பல்லில் சூத்தை இருக்கிறதா என்றும் பாருங்கள், நோகிற பல்லோடு யாரும் மரக்கறி மெல்லமாட்டார்கள். பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தது என்று குடும்பநல மாதுவிடம் கேளுங்கள்.

அடுத்த தடவை கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிறை அட்டையில் பேத்தியின் கோடு எங்கே இருக்கிறது என்று குடும்பநல மாது விரலால் தொட்டுக் காட்டட்டும். மகள் சொன்னால் சண்டையாகிறது, கிளினிக்கில் சொன்னால் கேட்பார். முதல் மூன்று நாலு நாள் பிள்ளை அழுவாள், குறைவாகத்தான் சாப்பிடுவாள். அந்த நாட்களில் அம்மாவின் கை சும்மா இருக்காது. தீத்துகிற வேலையை அவரிடமிருந்து எடுக்கும்போது வேறு வேலை கொடுத்தே ஆக வேண்டும். பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் போட்டு ஒரு நாள் கூழ் காய்ச்சச் சொல்லுங்கள், பயறு அவளுக்குப் பழக்கமான சாமான்தானே. அம்மா அதை ஒரு சிரட்டையில் ஊற்றிப் பேத்திக்குப் பக்கத்தில் இருந்து தானே குடிக்கட்டும். இன்னொரு சின்னச் சிரட்டை பாயில் இருக்கட்டும். அவள் எடுத்தால் எடுக்கட்டும், எடுக்காவிட்டால் அடுத்த கிழமை திரும்பவும் காய்ச்சுங்கள்.