தாளம், லயம், நடை, சந்தம்: இந்தச் சொற்களின் பொருள் என்ன? எங்கிருந்து வந்தன?

நீங்கள் கேட்ட நான்கில் நடை தமிழ்ச்சொல். மற்ற மூன்றும் வடமொழி வழி வந்தவை. சிவன் ஆடும் தாண்டவத்தின் 'தா'வும் பார்வதி ஆடும் லாஸ்யத்தின் 'லா'வும் சேர்ந்தது தாளம் என்று மேடையில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பக்தியில் பிறந்த விளக்கம். சொல் வரலாறு ஆகாது. கைதட்டுவதற்கே வடமொழியில் அந்தப் பெயர் உண்டு.

இதை வைத்து, தாளக் கணக்கே தமிழுக்கு இரவல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் 'ஆடலும் பாடலும் பாணியும் தூக்கும்' என்று ஓர் அடி வருகிறது. அங்கே பாணி என்றால் தாளம். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தம் உரையில் தாளத்தின் உறுப்புகளை அளந்தே சொல்கிறார்: கொட்டு அரை மாத்திரை, அசை ஒன்று, தூக்கு இரண்டு, அளவு மூன்று. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொட்டுவது, அசைவது, தூக்குவது என்று உடம்பு செய்கிற வேலைகளே கால அளவுக்குப் பெயராகிவிட்டன! மாத்திரை என்பது எவ்வளவு நேரம்? கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்கிறது தொல்காப்பியம். கடிகாரத்தில் நாம் எண்ணும் நொடிக்கும் அந்த விரல் சொடுக்கின் பெயர்தான்.

நடையைக் கையில் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். ஆதி தாளம் போடுங்கள். ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும், பிறகு தட்டு வீச்சு (கையைத் திருப்பி வீசுவது), தட்டு வீச்சு. எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் 'தகதிமி' சொன்னால் 32 மாத்திரை, சதுச்ர நடை. (இங்கே மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் அல்ல, அட்சரத்தின் உட்பிரிவு.) கையின் வேகத்தை மாற்றாமல் 'தகிட' சொல்லுங்கள். 24 மாத்திரை, திச்ர நடை. தாளம் அதுவேதான், அதன்மேல் பாட்டு நடக்கிற விதம் வேறு.

லயம் 'லீ' என்ற வேரிலிருந்து வந்தது. கரைதல், ஒன்றுதல் என்று பொருள். 'லயித்துப் போனேன்' என்பதிலும் அந்த வேர்தான் இருக்கிறது. இசையில் அது காலத்தின் சீரான ஓட்டம். தாளக் கணக்கைப் புத்தகத்தில் படித்துவிடலாம். லயம் சாதகத்தில்தான், விடாத பயிற்சியில்தான் வரும்.

சந்தம், 'சந்தஸ்' என்ற யாப்புச் சொல்லின் தமிழ் வடிவம். 'முத்தைத்தரு பத்தித் திருநகை' என்ற திருப்புகழ் அடியைத் 'தத்தத்தன தத்தத் தனதன' என்று சொல்லிப் பாருங்கள். பொருள் முழுதும் உதிர்ந்த பிறகும் காதில் நிற்கிறதே, அதுதான் சந்தம்.